களத்தறிவும் ஆய்வறிவும்: கொங்கு மண்ணிலிருந்து ஒரு பிரகடனம்

பசியை வென்றுவிட்டதாகப் பறைசாற்றிய யுகம் முடிந்தது. உடலை வளர்க்காத விளைச்சலும் மண்ணை வளர்க்காத வேளாண்மையும் தம் காலத்தைக் கடந்துவிட்டன. நொய்யலும் பவானியும் அமராவதியும் ஓடும் கொங்கு நிலத்தின் உழவர்கள், ஆடு மாடு மேய்ப்போர், கூலிக்குக் களையெடுக்கும் பெண்கள், வேளாண் அறிவியலாளர்கள், மாணவர்கள், மருத்துவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகிய நாங்கள் ஓர் இயக்கமாக எழுகிறோம். உழுகிறவரின் அறிவும் ஆராய்கிறவரின் அறிவும் ஒரே அறிவின் இரு பிறப்புகள் என்பது எங்கள் முதற்கொள்கை. அவற்றைப் பிரித்தது பழைய ஒழுங்கின் பிழை; அவற்றை இணைப்பது எங்கள் பிறப்பின் பொருள்.

பழைய ஒழுங்கைப் பற்றி நீண்ட வழக்குரை தேவையில்லை. கிடங்குகள் நிறைந்தன, குருதி வெளுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் எட்டாமல் நிற்கிறது. 1956-இல் காமராஜர் பள்ளி மதிய உணவைப் பரப்பிய மாநிலம் இது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்த மாநிலம் இது. 2022 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் பரிமாறும் மாநிலம் இது. வயிற்றை நிறைக்கும் கடமையில் தமிழகம் தவறவில்லை. வயிற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கத்தான் தவறியது.

அத்தொலைவு எங்கள் கண்முன்னே வளர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் எங்கள் மானாவாரிக் காடுகள் கம்புக்கும் சோளத்துக்கும் கொள்ளுக்கும் பேர்போனவை. தவசம் வீட்டுக்கு, தட்டு மாட்டுக்கு, எரு காட்டுக்கு என்று ஒரு சுழற்சி அங்கே நிலைத்திருந்தது. இன்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது. கோழித் தீவனத்துக்கென்று லாரி ஏறுகிறது. ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடும் ஆழ்துளைக் கிணறும் சாயக்கழிவைச் சுமந்த நொய்யலும் ஒரே சிந்தனையின் பிள்ளைகள்: மண்ணையும் நீரையும் செலவுக் கணக்கில் எழுதாத சிந்தனையின் பிள்ளைகள்.

எங்கள் கொள்கைக்கு இந்த மண்ணிலேயே மூதாதையர் உண்டு. 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்குப் பெயர்ந்து, 1971-இல் வேளாண் பல்கலைக்கழகமான நிறுவனம் எங்கள் பெருமிதம். அதன் அருகிலேயே 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது. அங்கே சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் எவரும் மதியாத நாட்டு நாணலைத் தடித்த கரும்போடு கலந்தார்கள். 1918-இல் வெளிவந்த கோ 205 வட இந்தியக் கரும்பு வயல்களின் தலைவிதியை மாற்றியது. வாய்க்கால் கரையில் தானே முளைத்த புல்லிடம் கடுமையைத் தாங்கும் வலிமை இருந்தது. அதை இனங்காணும் முறைமை ஆய்வாளரிடம் இருந்தது.

அதே 1912-இல் தொடங்கிய நெல் ஆய்வு நிலையம், உழவர் வயலின் கோணாமணி நெல்லில் தோன்றிய ஒரு மாற்றுச் செடியைப் பொறுக்கியெடுத்தது. 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற எண்ணோடு வெளிவந்த அந்த நெல்லுக்குக் கிச்சிலிச் சம்பா என்று பெயர் வழங்கிற்று. அதன் பிள்ளை டி.கே.எம். 6, டி.கே.எம். 6-இன் பிள்ளை பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர். 20. இன்று கிச்சிலிச் சம்பாவைப் பாரம்பரியத்தின் அரிசி என்று ஒருவர் போற்றுகிறார், ஐ.ஆர். ரகத்தை அறிவியலின் அரிசி என்று இன்னொருவர் போற்றுகிறார். ஒரே குடும்பத்தின் பாட்டியையும் பேத்தியையும் எதிரெதிர் அணியில் நிறுத்தும் இந்த வழக்காடலை நாங்கள் முடித்துவைக்கிறோம்.

எங்களுக்கு மிக நெருக்கமான அத்தியாயம் குன்னூரில் எழுதப்பட்டது. ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் அங்கே ஊட்டக்குறைவு நோய்களை ஆராய்ந்தார். பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஆய்வகத்தின் தொட்டில் அது. கீழே கோவையில், 1909 முதல், ஒரு வயல் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று ஆண்டுதோறும் பயிரிடப்பட்டு வந்தது. 1920-களின் நடுவில் மலைமேலிருந்த மருத்துவரும் மலையடியிலிருந்த வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும் ஒரே கேள்வியைத் தொட்டார்கள்: எந்த எருவில் விளைந்த தானியம் உடலை நன்றாக வளர்க்கும்? தொழுவுரத்தில் விளைந்த தானியமே கூடுதல் ஊட்டம் தந்தது என்று மெக்கரிசனின் 1926-ஆம் ஆண்டு ஆய்வு அறிவித்தது. அந்த விடையைப் பின்வரும் ஆய்வுகள் உரசிப் பார்க்கட்டும், திருத்தட்டும். கேள்வி நிலைத்தது. எருக்குழியையும் குழந்தையின் எலும்பையும் ஒரே வாக்கியத்தில் வைத்த அந்தக் கேள்வியைப் பிற்காலம் இரண்டு துறைகளாகவும் இரண்டு அமைச்சகங்களாகவும் அறுத்துப்போட்டது. வேளாண்மை டன்னை எண்ணியது. மருத்துவம் மாத்திரையை எண்ணியது. நாங்கள் அந்தக் கேள்விக்கு வாரிசுரிமை கோருகிறோம்.

களத்தறிவு என்று நாங்கள் சொல்லும்போது பொத்தாம்பொதுவான ஒரு பழம்பெருமையைக் குறிப்பதில்லை. ஒரு கம்பங்கூழ்ப் பானையைக் கவனியுங்கள். கம்பில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து உமி நீக்குகிறார்கள். மறுபடி இடித்துக் குருணை வேறு, மாவு வேறாகப் பிரிக்கிறார்கள். மாவை இரவே கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் உலையில் குருணை வெந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கிண்டி இறக்குகிறார்கள். ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, அடுத்த காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்கிறார்கள். கம்பில் இரும்புச்சத்து உண்டு. அதை உடலுக்கு விடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் உண்டு. குத்திப் புடைக்கையில் பைட்டேட்டில் ஒரு பங்கு போகிறது. புளிக்கும் இரவில் நுண்ணுயிர்கள் இன்னொரு பங்கைச் சிதைக்கின்றன. பூட்டின் பெயர் வேதியியலுக்குத் தெரியும். திறவுகோல் அடுப்படியில் இருந்தது. எவ்வளவு நேரம் புளித்தால் எவ்வளவு இரும்பு விடுபடும் என்று அளந்து சொல்வது ஆய்வகத்தின் ஆற்றல். அந்த அளவை அங்கன்வாடிச் சமையலறைக்குக் கொண்டு சேர்ப்பது யாருடைய பணியாகவும் எழுதப்படவில்லை. இனி அது எங்கள் பணி.

விதை மட்டும் வந்து, அதோடு சேர்ந்த அறிவு வராமல் போனால் என்ன நேரும் என்பதை உலகம் உயிர் கொடுத்துக் கற்றது. மெக்சிகோவின் மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டார்கள். அதனால் அதிலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடலில் சேர்ந்தது. ஐரோப்பா விதையை எடுத்துக்கொண்டது; சுண்ணாம்பை விட்டுவிட்டது. வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், மக்காச்சோளமே அன்றாட உணவான ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டிக் கொன்றது. மக்களின் அறிவை இகழ்ந்தவர்களுக்கு அது பாடம். அதை வழிபடுகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த எளியோரிடம் அதே நோயை ஐதராபாத்தில் சி. கோபாலனும் அவருடைய உடனாய்வாளர்களும் கண்டார்கள். பழைய தானியம் என்ற ஒரே தகுதியால் எந்தத் தானியமும் யாரையும் காக்காது. சேர்க்கையே காக்கும். சோளத்தில் குறையும் லைசின் என்ற புரதக்கூறு தட்டைப்பயற்றிலும் கொள்ளிலும் மிகுதி. பயற்றில் குறையும் மெத்தியோனைன் தானியத்தில் உண்டு. சோளத்துக்கு இடையில் தட்டையும் அவரையும் துவரையும் விட்ட கொங்குக் காடு, தட்டில் சேர வேண்டியதை விதைப்பிலேயே சேர்த்து வைத்தது. 2018-இல் படைப்புழு இந்தியாவுக்கு வந்து மக்காச்சோளத்தை அரித்தபோது, வரப்பில் தட்டையும் எள்ளும் துவரையும் விதையுங்கள், ஊடே பயறு போடுங்கள் என்றே ஆய்வாளர்களும் பரிந்துரைத்தார்கள். பாட்டன் காட்டு விதைப்பு பூச்சியியலின் மொழியில் திரும்பி வந்தது.

அறிவியலின் முன் நாங்கள் தலைவணங்கும் தருணங்களும் இந்த மண்ணில் நிகழ்ந்தவையே. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோவையில் தென்பட்டது. பப்பாளியிலும் மரவள்ளியிலும் மல்பெரியிலும் வெள்ளை அப்பியது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் ஆய்வாளர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, தோட்டம் தோட்டமாக விட்டார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவே உள்ள அந்தக் குளவி மாவுப்பூச்சியை அடக்கியது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: குளவி வாழ வேண்டுமானால் உழவர் மருந்துத் தெளிப்பானைக் கீழே வைக்க வேண்டும். ஆய்வாளரின் தேர்ச்சியும் உழவரின் பொறுமையும் சேர்ந்து பெற்ற அந்த வெற்றியை எங்கள் இயக்கத்தின் முன்மாதிரியாக அறிவிக்கிறோம்.

இன்னொரு முன்மாதிரி கொங்கின் கிழக்கு விளிம்பில், கொல்லிமலையில் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையில் மட்டுமே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்களைக் காத்துவந்தார்கள். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி அந்தச் சரிவுகளில் பரவியது. பணம் ஒரு காரணம். உரல் இன்னொரு காரணம். சாமையின் கெட்டியான உமியை நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை போட வேண்டியிருந்தது. காடு, ஆடு, பிள்ளை, அடுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எஞ்சிய நேரத்தில் குத்திய சாமை அது. கோவை வேளாண் கல்லூரியில் பயின்ற எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே பணியாற்றியது. உமி நீக்கும் எந்திரத்தை ஊர்ப் பெண்கள் குழுக்களின் கையில் கொடுத்தது. நாட்டு விதையை ஊரிலேயே பெருக்கியது. விளைந்ததற்குச் சந்தை தேடியது. சிறுதானியத்தைப் புகழ்ந்து மேடையில் பேசியோர் பலர். சாமை குத்தும் கையின் வலியைக் கணக்கில் எடுத்த அறிவே சாமை பிழைக்கும் வழியைத் திறந்தது. ஆகவே திட்டவட்டமாகச் சொல்கிறோம்: பெண்ணின் உழைப்புச் சுமையைக் கூட்டும் எந்த ஊட்டத் திட்டத்துக்கும் எங்கள் ஒப்புதல் கிடையாது.

ஊரறிவு நிலமுள்ளவரின் அறிவு மட்டும் என்ற எண்ணத்தையும் மறுக்கிறோம். எந்தக் கீரை எந்த மழைக்குப் பின் எந்த வரப்பில் முளைக்கும் என்று அறிந்தவர், பெரும்பாலும் அந்த வரப்புக்குச் சொந்தக்காரர் அல்லர். களையெடுக்கப் போய்ப் பண்ணைக்கீரையையும் குமுட்டிக்கீரையையும் மடியில் கட்டி வந்தவர் கூலிப் பெண். எந்தப் புல்லை ஆடு முதலில் கடிக்கும் என்று அறிந்தவர் பட்டியில் படுத்துறங்கியவர். காங்கயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கயம் மாடும் சேர்ந்து வாழ, வறண்ட நிலம் மழையை மட்டும் நம்பிப் பாலும் இறைச்சியும் எருவும் தந்தது. அந்த ஏற்பாட்டை நூற்றாண்டுகளாக நடத்திக் காட்டியவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலும் இல்லை. அறிவுக்குச் சாதியில்லை என்று சொல்வது எளிது; அறிவுடையவர் எச்சாதியினரானாலும் சமமான நாற்காலி இடுவது எங்கள் கடமை. அந்த நாற்காலி இல்லாத கூட்டத்தை எங்கள் கூட்டம் என்று அழைக்கமாட்டோம்.

மாயமருந்து வணிகத்தை மறுக்கிறோம். வரகு தின்றால் நீரிழிவு ஓடிவிடும், தினை தின்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற கூவல்கள் மக்களின் நம்பிக்கையைக் காசாக்குகின்றன. மக்களின் அறிவைக் கேலிக்கு உள்ளாக்குகின்றன. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் உழவர் வழியே பரவி, பின் பல்கலைக்கழகத்தின் சோதனை வயலுக்கும் போனது. வழி அதுதான். களத்தில் பிறந்த எந்த வழக்கமும் சோதனையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆய்வகத்தில் பிறந்த எந்தப் பரிந்துரையும் களத்தின் கேள்வியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. நிற்பது நிற்கும், விழுவது விழும்.

உயர்ந்தோர் அலமாரிக்கென்று ஒதுங்கும் சிறுதானியத்தையும் மறுக்கிறோம். 2023-ஐ ஐ.நா. அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது; முன்மொழிந்தது இந்தியா. அழகிய பொட்டலங்கள் பெருகின. அதே ஆண்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடையில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கியது தமிழக அரசு. எங்கள் கண்ணுக்கு அந்த இரண்டு கிலோவே அவ்வாண்டின் பெரிய செய்தி. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளுக்கும் பள்ளிச் சமையலறைகளுக்கும் இந்த மண்ணின் கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும் வர வேண்டும். இங்குள்ள மானாவாரி உழவரிடமிருந்தே, அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் வாங்கப்பட்டு வர வேண்டும். இது எங்கள் முதல் கோரிக்கை. இதில் சமரசம் இல்லை.

விதை குறித்த எங்கள் நிலைப்பாட்டுக்குச் சட்டமே துணை. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது. உழவர் காத்த ரகத்தை உழவர் பெயரிலேயே பதிவுசெய்யவும் வழி தருகிறது. ஏட்டிலுள்ள அந்த உரிமையைக் களத்தில் நிலைநாட்ட ஊர்தோறும் விதை வீடு அமைப்போம். அங்கே பாட்டி செம்மண் கட்டிக் காயவைத்த துவரையும், பல்கலைக்கழகம் வெளியிட்ட புதுக்கம்பும் ஒரே அடுக்கில் இருக்கும். எது எந்தக் காட்டில், எந்த மழையில், எப்படி நின்றது என்ற குறிப்பை உழவரும் மாணவரும் சேர்ந்து எழுதுவார்கள். ஆய்வின் கேள்வியை ஊரே வகுக்கும். ஆய்வின் முறையை ஆய்வாளர் வகுப்பார். ஆய்வின் முடிவு முதலில் ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்படும், பின்னரே இதழுக்குப் போகும்.

எங்கள் அளவுகோலும் புதியது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு நாங்கள் நிறுத்தமாட்டோம். எங்கள் சோதனை வயல் உள்ள ஊரில், விளைச்சல் அறிக்கையின் கடைசி வரி அந்த ஊர்ப் பெண்களின் ஹீமோகுளோபின் அளவாக இருக்கும். மூட்டை கூடி ரத்தம் கூடாவிட்டால் அதைத் தோல்வி என்றே எழுதுவோம்.

ஆடிப்பட்டத்துக்குக் காடுகள் காத்திருக்கின்றன. தாத்தா காலத்துச் சோளக்கதிர் ஒன்று சாளை மூலையில் தொங்கினால், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வேளாண் மாணவர்களே, தேர்வு முடிந்ததும் நேராக ஊருக்கு வாருங்கள். சொல்லிக்கொடுக்கவும் கேட்டுக்கொள்ளவும் ஒருசேர ஆயத்தமாக வாருங்கள். மருத்துவர்களே, உங்கள் ஊசியையும் பதிவேட்டையும் கொண்டுவாருங்கள். களையெடுக்கும் அக்காமார்களே, கீரைகளின் பெயர்களோடு வாருங்கள்; முதல் கூட்டத்தில் முதலில் பேச உங்களையே அழைக்கிறோம்.